ஆறாம் கம்பியை டி-க்கு இறக்கினால் இரைகிறது: டாட்கேட் சுருதிக்கு எந்தக் கம்பிகளை மாற்றுவது?

கீழ்ஸ்தாயி (மதுரை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது இரும்புக் கம்பி பூட்டிய, பெரிய உடல் கொண்ட ட்ரெட்நாட் கிட்டார். நட்டிலிருந்து (தலைப்பக்கத்தில் கம்பி படியும் பட்டை) சேடில் (உடலில் கம்பி படியும் பட்டை) வரை 25.5 அங்குலம், கம்பிகள் 12–53 செட், அதாவது முதல், ஆறாம் கம்பிகளின் தடிமன் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில். மூன்று ஆண்டுகளாக வழக்கமான சுருதியில், அதாவது ஆறாம் கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று வைத்து, திரைப்பாடல்களுக்குக் கார்டு (பல ஸ்வரங்கள் சேர்ந்த ஒலி) பிடித்து வாசித்து வந்தேன். சிறுவயதில் பாட்டு வகுப்பில் கற்ற வர்ணங்களையும் கீர்த்தனைகளையும் இதே கிட்டாரில் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை இப்போது பிடித்துக்கொண்டது. அதற்காகச் சென்ற மாதம் ஆறாம் கம்பியை டி-க்கும், இரண்டாம் கம்பியை ஏ-க்கும், முதல் கம்பியை டி-க்கும் இறக்கி, டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்ற டாட்கேட் சுருதிக்கு வந்தேன். டி-யை ஷட்ஜமாகக் கொண்டால் ஆறு கம்பிகளும் ச, ப, ச, ம, ப, ச என்று அமைகின்றன. டி என்பது இரண்டு கட்டை சுருதி; அது என் குரலுக்கும் பொருந்துவதால், வாசித்துக்கொண்டே பாடவும் முடிகிறது.

குறை என்னவென்றால், ஆறாம் கம்பியைச் சற்று அழுத்தி மீட்டினாலே ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையில்) உரசி இரைகிறது. முதல் கம்பி ரப்பரைத் தொடுவதுபோல் தளர்ந்து கிடக்கிறது. 13–56 செட் வாங்கி ஆறு கம்பிகளையும் தடித்ததாக மாற்றிவிடலாமா? கிட்டாரின் கழுத்து அதைத் தாங்குமா? ஆறையும் ஒரே நேரத்தில் கழற்றினால் கழுத்து வளைந்துவிடும் என்று ஒருவர் அச்சுறுத்தினார். அது உண்மையா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பழைய பிருடை எழுதியது:

கம்பி வாங்குவதற்கு முன் இரைச்சல் எங்கே எழுகிறது என்று பாருங்கள். எந்த ஃபிரெட்டையும் அழுத்தாமல் மீட்டும்போது மட்டும் இரைந்தால் நட்டில் உள்ள பள்ளம் ஆழமாகிவிட்டது என்று பொருள். முதல் நான்கைந்து ஃபிரெட்டுகளில் இரைந்தால் கழுத்து அளவுக்கு மீறி நேராக இருக்கிறது. மேலே ஏழு, எட்டைத் தாண்டிய பிறகு இரைந்தால் சேடில் தாழ்ந்திருக்கலாம், அல்லது கழுத்து உடலோடு சேரும் கோணத்தில் கோளாறு இருக்கலாம்.

கழுத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஆறாம் கம்பியை முதல் ஃபிரெட்டில் இடது கையால் அழுத்துங்கள். கழுத்து உடலைத் தொடும் பதினான்காம் ஃபிரெட்டில் வலது கைச் சுண்டுவிரலால் அழுத்துங்கள். இறுகிய கம்பி இப்போது ஓர் அடிக்கோல்போல் நேராக நிற்கும். ஆறாம், ஏழாம் ஃபிரெட்டுகளின் தலைக்கும் கம்பியின் அடிக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழைய வேண்டும். அந்த இடைவெளி ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். கார்டே நுழையவில்லை என்றால் உங்கள் கிட்டாரின் நோய் கம்பியில் மட்டும் இல்லை.

கீழ்ஸ்தாயி எழுதியது:

சோதித்துப் பார்த்தேன், ஐயா. திறந்த கம்பியில் இரைச்சல் மிகக் குறைவு; ஒன்றிலிருந்து நான்காம் ஃபிரெட் வரை தெளிவாக இரைகிறது; ஏழுக்கு மேல் சுத்தமாக இருக்கிறது. விசிட்டிங் கார்டு நுழையவில்லை. பன்னிரண்டாம் ஃபிரெட்டில் ஆறாம் கம்பியின் உயரம் இரண்டரை மில்லிமீட்டர்.

ஏழாம் மெட்டு எழுதியது:

நான் இசைக் கலைஞன் இல்லை, இயந்திரவியல் படித்தவன். ஆகவே கணக்கை மட்டும் தருகிறேன். ஒரே கம்பியை ஒரே நீளத்தில் வைத்துச் சுருதியை மாற்றினால், இழுவிசை அதிர்வெண்ணின் இருமடிப் பெருக்கத்தைப் பின்பற்றி மாறும். ஒரு முழு ஸ்வரம், அதாவது இரண்டு ஃபிரெட் அளவு இறக்கும்போது இழுவிசையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. 12–53 செட்டில் வழக்கமான சுருதியின்போது ஆறாம் கம்பி சுமார் 11.8 கிலோவும், முதலிரண்டு கம்பிகள் தலைக்கு 10.6 கிலோவும், நடுவில் உள்ள மூன்று கம்பிகள் ஒவ்வொன்றும் 13.7 கிலோவை ஒட்டியும் இழுக்கின்றன. மொத்தம் 74 கிலோ. டாட்கேட்டுக்கு இறக்கியதும் ஆறாம் கம்பி 9.4 ஆகவும், முதலிரண்டும் 8.4 ஆகவும் குறைந்து, மொத்தம் 67 கிலோவுக்கு வந்துவிடுகிறது.

இரைச்சலுக்குக் காரணம் இந்த ஏழு கிலோதான். அது இரண்டு வழிகளில் வேலை செய்கிறது. முதலாவதாக, அதே விசையில் மீட்டினாலும் தளர்ந்த கம்பி முன்னைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு அகலமாக ஊசலாடுகிறது. இரண்டாவதாக, கழுத்தை முன்பக்கமாக வளைத்துக்கொண்டிருந்த இழுவை குறைந்ததால், உள்ளே இருக்கும் டிரஸ் ராடு என்ற எஃகுத் தண்டு கழுத்தைப் பின்னுக்குத் தள்ளி நேராக்கிவிடுகிறது. கம்பி அகலமாக ஆடுகிறது, அது ஆடுவதற்கான இடமோ சுருங்கிவிட்டது. அதனால்தான் முதல் நான்கு ஃபிரெட்டுகளில் உரசுகிறது.

முழு 13–56 செட்டைப் பூட்டி டாட்கேட்டில் வைத்தால் மொத்த இழுவை 77 அல்லது 78 கிலோ வரும். கழுத்து அதைத் தாங்கும். ஆனால் பிறகு என்றாவது மறதியில் வழக்கமான சுருதிக்கு ஏற்றிவிட்டால் 85 கிலோவாகிவிடும். மெல்லிய கம்பிக்கென்று கட்டிய கிட்டாரில் அந்தச் சுமையை நான் வைக்க மாட்டேன்.

பழைய பிருடை எழுதியது:

கணக்கு தெளிவாக இருக்கிறது, நன்றி. அதிலிருந்தே விடையும் கிடைக்கிறது: சுருதி மாறாத ஏ, டி, ஜி ஆகிய மூன்று நடுக்கம்பிகளைத் தொட வேண்டியதே இல்லை. இறங்கிய மூன்றை மட்டும் ஒரு படி தடித்ததாக மாற்றினால் போதும். ஆறாவதற்கு 56, இரண்டாவதற்கு 17, முதலாவதற்கு 13 என்று தனிக் கம்பிகளாகக் கேட்டு வாங்குங்கள். கடையில் தனிக் கம்பி கிடைக்காவிட்டால் ஒரு 13–56 செட் வாங்கி, அதிலிருந்து இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைப் பத்திரப்படுத்துங்கள். கம்பிகள் ஆறு மாதப் பழையவை என்றால், நடுக்கம்பிகளையும் பழைய தடிமனிலேயே புதியதாக்கிக்கொள்வது நல்லது. புதுக் கம்பியின் கணீரென்ற ஒலிக்குப் பக்கத்தில் பழைய கம்பியின் ஒலி அமுங்கிவிடும்.

ஆறையும் ஒரே நேரத்தில் கழற்றினால் கழுத்து பாழாகும் என்பது வீண் பயம். சில மணி நேரம் கம்பியில்லாமல் இருந்தால் எந்த நல்ல கிட்டாருக்கும் ஒன்றும் ஆகாது. ஃபிரெட் பலகையைத் துடைப்பதற்கு அதைவிட நல்ல நேரமும் கிடையாது. சேடிலுக்கு அடியில் பிக்கப் (ஒலிவாங்கி) பொருத்திய கிட்டார் என்றால் மட்டும், சேடில் சாய்ந்துவிடாதபடி ஒவ்வொன்றாக மாற்றுவது பாதுகாப்பு.

இனி மாற்றும் முறை. பலர் பிழை செய்வது பிரிட்ஜ் (உடலில் கம்பி மாட்டும் கட்டை) பக்கத்தில்தான் என்பதால் அதை விரிவாக எழுதுகிறேன். கம்பியை முழுவதும் தளர்த்துங்கள். கம்பியின் முனையைப் பிரிட்ஜ் துளையில் பிடித்திருக்கும் முளையான 'பின்' இறுகியிருந்தால் கட்டிங் பிளேயரின் பல்லால் பிடித்துப் பிடுங்க வேண்டாம். ஒலித்துளைக்குள் கையை விட்டு, கம்பியின் முனைக் குண்டைக் கீழ்நோக்கிச் சற்றுத் தள்ளினால் பின் தானே தளர்ந்துவிடும். புதுக் கம்பியின் குண்டுக்கு மேலே உள்ள தடித்த முறுக்குப் பகுதியைக் கட்டைவிரலால் இலேசாக வளைத்துக்கொள்ளுங்கள். அந்த வளைவு கழுத்தின் பக்கம் பார்க்கும்படி துளையில் இறக்கி, பின்னின் பள்ளம் கம்பியைத் தழுவும்படி மேலே வைத்து, பின்னைக் கட்டைவிரலால் தாங்கிக்கொண்டே மற்றொரு கையால் கம்பியை மேல்நோக்கி இழுங்கள். குண்டு உள்ளே இருக்கும் பலகையின் அடியில் போய் உட்காரும்போது "டக்" என்று ஒரு சிறு அதிர்வு விரலுக்குத் தெரியும். அந்த அதிர்வு வரவில்லையென்றால் குண்டு பின்னின் நுனியிலேயே தொற்றிக்கொண்டிருக்கிறது. சுருதி ஏற்றும்போது பின் துள்ளி வெளியே வரும், பலகையும் நாளடைவில் தேயும். கைபேசியின் கேமராவை ஒலித்துளைக்குள் நீட்டி ஒரு படம் எடுத்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

தலைப்பக்கத்தில், ஆறாம் கம்பிக்கு அதன் பிருடைத் தண்டைத் (கம்பி சுற்றும் தண்டு) தாண்டி ஐந்து சென்டிமீட்டர் அளவு தொய்வு விடுங்கள். இரண்டு சுற்று வரும். முதல் கம்பிக்கு ஏழு சென்டிமீட்டர் விட்டால் மூன்று நான்கு சுற்று வரும். சுற்றுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிப் படிய வேண்டும். தடித்த கம்பியை வெட்டுவதற்கு முன் முனையைச் செங்கோணமாக மடித்துவிட்டு, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். இல்லாவிட்டால் மேல்சுற்று நழுவிக் கம்பி ஊமையாகிவிடக்கூடும். நட்டின் பள்ளத்தில் 2பி பென்சிலைத் தேய்த்துவிடுங்கள். 53-க்கு வெட்டிய பள்ளத்தில் 56 பெரும்பாலும் உட்கார்ந்துவிடும். சுருதி ஏற்றும்போது "டிக்" என்று தாவித் தாவி ஏறினால் மட்டும் பள்ளம் கம்பியைக் கவ்வுகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

முக்கியமான ஒன்று: புதுக் கம்பியை ஈ வரை ஏற்றிவிட்டுப் பிறகு டி-க்கு இறக்காதீர்கள். கீழேயிருந்து நேராக டி-க்கு ஏற்றி அங்கேயே நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கினால் பிருடையின் பல்சக்கரத்தில் ஒரு தொய்வு தங்கிவிடும். வாசிக்க வாசிக்கச் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும்.

சரணி எழுதியது:

நான் வீணை வாசிப்பவள். கிட்டாரும் ஓரளவு பழக்கம். ஆறாம் கம்பி குறித்துப் பழைய பிருடை ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். முதலிரண்டு கம்பிகளைத் தடித்ததாக்குவதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை.

கேள்வி கேட்டவர் கார்டு பிடிப்பதற்காக இந்தச் சுருதிக்கு வரவில்லை, கீர்த்தனை வாசிக்க வந்திருக்கிறார். கர்நாடக இசையில் ஸ்வரம் என்பது ஒரு புள்ளியில் நிற்பதன்று. தோடியின் காந்தாரத்தையோ கல்யாணியின் நிஷாதத்தையோ அசைக்காமல் வாசித்தால் அந்த ராகமே அங்கு இல்லை. வீணையில் மெட்டின் (வீணையின் ஃபிரெட்) மீது கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து அந்த அசைவைக் கொண்டுவருகிறோம். கிட்டாரிலும் வழி அதுதான். முதல் கம்பி தளர்ந்திருக்கிறது என்பதை அவர் குறையாகச் சொல்கிறார், நான் அதை வரமாகப் பார்க்கிறேன். இரண்டு மூன்று வாரம் விரல் பழகிவிட்டால் ரப்பர்போல் தோன்றியது இழைந்து வரத் தொடங்கும்.

ஏழாம் மெட்டு எழுதியது:

சரணி அவர்கள் சொன்னதைக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். இரு தரப்புக்கும் பயன்படும் ஒன்று கிடைத்தது. மேற்சுற்று இல்லாத வெறும் எஃகுக் கம்பிகளில், சுருதி ஒன்றாக இருந்தால், ஒரு ஸ்வரம் ஏற்றுவதற்கு எவ்வளவு தூரம் இழுக்க வேண்டும் என்பதைத் தடிமன் மாற்றுவதில்லை. எவ்வளவு பலமாக இழுக்க வேண்டும் என்பதை மட்டுமே மாற்றுகிறது. 12-க்குப் பதில் 13 போட்டால் விரலுக்கு 17 சதவீதம் கூடுதல் பலம் தேவைப்படும். தூரத்தைக் குறைப்பது சுருதியின் இறக்கம். ஈ-யிலிருந்து டி-க்கு வந்த அதே 12 கம்பியில், அதே ஃபிரெட்டில் அதே இடைவெளியை இழுக்க, தூரம் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலும், பலம் 30 சதவீதத்துக்கு நெருக்கமாகவும் குறைகிறது. ஆகவே 13 போட்டு டி-யில் வைத்தாலும்கூட, அவர் இதுவரை ஈ-யில் இழுத்த 12-ஐவிட அது எளிதாகவே இருக்கும்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். சிறு இழுப்புக்கே சுருதி அதிகம் ஏறும் கம்பி, விரல் தேவைக்கு மேல் அழுத்தினாலும் அதேபோல் ஏறிவிடும். தளர்ந்த சுருதியில் ஸ்வரங்கள் கூர்ந்து ஒலிக்கின்றன என்று பலர் கம்பியைக் குறை சொல்கிறார்கள். பல நேரங்களில் காரணம் இடது கையின் அழுத்தமே.

பனிக்காலம் (ரொறன்ரோ) எழுதியது:

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கு வாழ்பவன். என் கிற்றாரைப் பத்தாண்டுகளாக டாட்கேட்டிலேயே வைத்திருக்கிறேன். இந்தச் சுருதியைப் பரவலாக்கியவர் டேவி கிரேயம் என்ற பிரித்தானியக் கிற்றார் கலைஞர். 1960-களின் தொடக்கத்தில் மொரோக்கோவின் தாஞ்சியர் நகரில் ஊத் என்ற அரபு நரம்புக் கருவி வாசிப்பவர்களோடு சேர்ந்து வாசிக்க முயன்றபோது, வழக்கமான சுருதி அந்த இசைக்கு இடம் கொடுக்கவில்லை என்பதால் இதற்கு வந்தார். கார்டை அடுக்குவதற்காகப் பிறந்த சுருதி அன்று இது. ஒற்றை மெட்டு ஒரு நிலையான சுருதியின் மேல் நகர்வதற்காகப் பிறந்தது. திறந்த ஆறு கம்பிகளிலும் காந்தாரமே இல்லை என்பதைக் கவனியுங்கள். சாதாரண காந்தாரமோ அந்தர காந்தாரமோ, நீங்கள் எதை வாசித்தாலும் அடியில் ஒலிக்கும் கம்பிகள் மறுக்கப் போவதில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது காற்றின் ஈரப்பதம் 25 சதவீதம் வரை இறங்கிவிடும். கிற்றாரின் முகப்பலகை சுருங்கித் தாழும், கம்பியும் அதோடு தாழும். கோடையில் சுத்தமாக ஒலித்த ஆறாம் கம்பி தை மாதத்தில் இரையும். மதுரையில் மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறாகப் பலகை உப்பிக் கம்பி உயரும். 45-க்கும் 55-க்கும் இடையில் ஈரப்பதத்தை வைத்திருக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால், பருவம் மாறும்போது அளந்து பார்த்த பிறகே சேடிலிலோ நட்டிலோ கை வையுங்கள்.

நைலான் எழுதியது:

குறுக்கே நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது நைலான் கம்பி பூட்டிய கிளாசிக்கல் கிட்டார். ஆறாம் கம்பி தளர்கிறது என்பதால் அந்த ஒன்றை மட்டும் இரும்புக் கம்பியாக மாற்றலாமா?

பழைய பிருடை எழுதியது:

வேண்டவே வேண்டாம், தம்பி. உங்கள் கிட்டார் மொத்தமாக 40 கிலோ அளவு இழுவைக்குக் கட்டப்பட்டது. நைலான் கிட்டாருக்கென்றே "ஹார்ட் டென்ஷன்" என்று எழுதிய செட் கிடைக்கும். அதிலிருந்து ஆறாம் கம்பியை எடுத்துப் பூட்டிக்கொள்ளுங்கள்.

கீழ்ஸ்தாயி எழுதியது:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். உங்கள் அனைவருக்கும் என் நன்றி. எல்லாக் கம்பிகளையும் புதியதாக்கினேன். ஆறாவதற்கு 56, நடுவில் உள்ள மூன்றும் பழைய தடிமன், இரண்டாவதற்கு 17, முதலாவதற்கு 12 என்று முடிவு செய்தேன். முதல் கம்பியில் சரணி அம்மா சொன்னதையும், இரண்டாவதில் ஐயா சொன்னதையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் கம்பி பஞ்சமத்தில் நிற்பது. அதில் நான் இழுப்பதைவிட மீட்டுவதே அதிகம்.

ஆறாம் கம்பியின் குண்டு "டக்" என்று உட்காரும் அந்த அதிர்வு முதல் முயற்சியில் வரவில்லை. கேமராவை விட்டுப் பார்த்தபோது ஐயா எழுதியபடியே குண்டு பின்னின் நுனியில் ஏறி நின்றது. மீண்டும் கழற்றி, வளைவைச் சரிசெய்து இறக்கியபோது உட்கார்ந்தது. இத்தனை நாள் மற்ற கம்பிகளை எப்படிப் பூட்டியிருந்தேன் என்று பார்த்தால், பலகையில் நான்காம் துளையின் ஓரம் சற்றுத் தேய்ந்திருக்கிறது. இனி ஒவ்வொரு முறையும் பார்த்தே பூட்டுவேன்.

கம்பி மாற்றிய பிறகும் இரண்டாம், மூன்றாம் ஃபிரெட்டுகளில் கொஞ்சம் இரைச்சல் மிச்சமிருந்தது. அனுபவமுள்ள நண்பர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆலன் கீயால் டிரஸ் ராடை அரைக்கால் சுற்று இடப்புறமாகத் திருப்பித் தளர்த்தினோம். மறுநாள் பார்த்தபோது விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழைந்தது. இப்போது ஆறாம் கம்பியைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தி மீட்டினாலும் சுத்தமாக ஒலிக்கிறது. மத்யமாவதி வாசித்தால் கிட்டார் முழுவதும் கூடவே பாடுகிறது.

ஆனால் கல்யாணி எடுத்தால் மூன்றாம் கம்பி இடறுகிறது. அது சுத்த மத்யமம் அல்லவா? கல்யாணிக்குரிய, அதைவிட அரை ஸ்வரம் உயர்ந்த பிரதி மத்யமத்தை வாசிக்கும்போது விரல் தவறி ஜி கம்பியில் பட்டுவிட்டால் காது கூசுகிறது. மோகனத்திலும் அம்சத்வனியிலும் மத்யமமே கிடையாது. இதற்கு என்ன செய்வது?

சரணி எழுதியது:

மத்யமாவதி பொருந்தியதில் வியப்பில்லை. ச, ம, ப மூன்றும் அந்த ராகத்தின் ஸ்வரங்களே, உங்கள் திறந்த கம்பிகளும் அவையே. கல்யாணிக்கும் மோகனத்துக்கும் அம்சத்வனிக்கும் மூன்றாம் கம்பியை அரை ஸ்வரம் இறக்கி எஃப் ஷார்ப்பில் வையுங்கள். அது அந்தர காந்தாரம்; மூன்று ராகத்துக்கும் சொந்தம். இழுவை ஒன்றரைக் கிலோதான் குறையும் என்பதால் கம்பியை மாற்ற வேண்டியதில்லை.

இதில் நுட்பமான ஒன்று உண்டு. டியூனர் காட்டும் எஃப் ஷார்ப், தம்புராவிலிருந்து தானாக எழும் காந்தாரத்தைவிட 14 சென்ட் (அரை ஸ்வரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) உயரம். காதை நம்பித் தம்புராவோடு சேர்த்தால் திறந்த கம்பி மிக இனிமையாக ஒலிக்கும். ஆனால் அதே கம்பியில் ஃபிரெட்டை அழுத்தி வாசிக்கும் ஸ்வரங்கள் எல்லாம் அந்த அளவு தாழ்ந்துவிடும். நான் அந்தக் கம்பியைத் திறந்த காந்தாரமாக மட்டும் ஒலிக்கவிட்டு, மெட்டை மற்றக் கம்பிகளில் வாசிக்கிறேன். பஞ்சமத்தில் இந்தச் சிக்கல் இல்லை; அங்கே வேறுபாடு 2 சென்ட் மட்டுமே.

காந்தாரமும் வேண்டாம், மத்யமமும் வேண்டாம் என்றால் மூன்றாம் கம்பியை டி வரை இறக்கி ச, ப, ச, ச, ப, ச என்று வைப்போரும் உண்டு. வீணையின் நான்கு வாசிப்புக் கம்பிகளும் ச, ப, ச, ப என்றுதானே நிற்கின்றன. அந்த உணர்வு இதில் கிடைக்கும். ஆனால் இப்போது மூன்றாவதாக உள்ள 24 கம்பி அவ்வளவு தூரம் இறங்கினால் தொங்கிவிடும். குறைந்தது 28 வேண்டும்.

பழைய பிருடை எழுதியது:

அந்தக் கடைசி வழியில் போகுமுன் என் அனுபவத்தைக் கேளுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் இதே நோக்கத்தில் மூன்றாம் கம்பிக்கு 32 போட விரும்பி, நட்டின் பள்ளத்தை அகலப்படுத்தித் தரும்படி ஒரு பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தேன். அவர் அகலத்தோடு ஆழத்தையும் அறுத்துவிட்டார். திறந்த கம்பி முதல் ஃபிரெட்டைத் தொட்டு இரைந்தது. சமையல் சோடாவைப் பள்ளத்தில் தூவி, அதன்மேல் ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டு, கல்லாக இறுகிய பிறகு ஊசி அரத்தால் மெல்ல மெல்ல அறுத்துச் சரிசெய்தேன். அது தற்காலிகமாகத்தான் நின்றது; பிறகு எலும்பில் புது நட்டே செய்துகொண்டேன்.

ஆகவே பள்ளத்தை அரத்தால் தொடும் வேலையை, இந்தச் சுருதியிலேயே இருக்கப் போகிறேன் என்று உறுதியான பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கம்பியைத் திரும்ப மாற்றலாம், டிரஸ் ராடைத் திரும்பத் திருகலாம். அறுத்த நட்டை அறுக்காததாக்க முடியாது.

கீழ்ஸ்தாயி எழுதியது:

அப்படியே செய்கிறேன், கல்யாணிக்குக் காந்தாரம் போதும். கடைசியாக ஒரு கேள்வி. ராகத்துக்கு ராகம் மூன்றாம் கம்பியை மாற்றும்போது மற்றக் கம்பிகளும் கொஞ்சம் நகர்கின்றன. கச்சேரியின் நடுவில் டியூனரைப் பார்த்துக்கொண்டிருக்காமல் காதாலேயே சேர்க்க வழி உண்டா?

சரணி எழுதியது:

உண்டு. ஒரு கம்பி இறங்கினால் கழுத்து இம்மியளவு பின்வாங்கும், மற்றக் கம்பிகள் இம்மியளவு ஏறும், அது இயல்பு. நான்காம் கம்பியை முதலில் தம்புராவின் ஷட்ஜத்தோடு சேருங்கள். ஆறாம் கம்பியைப் பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு நேர்மேலே அழுத்தாமல் விரல்நுனியால் தொட்டு மீட்டினால் எழும் மெல்லிய மணியோசை, நான்காவதன் திறந்த ஒலியோடு ஒன்ற வேண்டும். நான்காவதை அதே இடத்தில் தொட்டு மீட்டினால் வருவது முதல் கம்பியின் ஷட்ஜம். ஐந்தாவதை அங்கே தொட்டால் வருவது இரண்டாம் கம்பியின் பஞ்சமம். ஐந்தாம் கம்பி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஆறாவதை ஏழாம் ஃபிரெட்டில் தொட்டு மீட்டுங்கள். அங்கே பிறப்பதும் அதே பஞ்சமம்தான். இரண்டு ஒலிகளும் சேராதபோது "வாவ் வாவ்" என்று ஓர் அலை எழும். பிருடையைத் திருகத் திருக அந்த அலை நீண்டு, மெலிந்து, நின்றுவிடும். எப்போதும் கீழே இறக்கி, மேலே ஏற்றி நிறுத்துங்கள்.

கீழ்ஸ்தாயி எழுதியது:

நேற்றிரவு மின்சாரம் இல்லாத நேரத்தில் இருட்டிலேயே இப்படிச் சேர்த்தேன். என் தங்கையின் சுருதி ஐந்து கட்டை, அதாவது ஜி. ஐந்தாம் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃபிரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டினால் அதே ச, ப, ச, ம, ப, ச அப்படியே ஐந்து கட்டைக்கு வந்துவிடுகிறது. மூன்றாம் கம்பியைக் காந்தாரத்துக்கு இறக்கிக்கொண்டு மோகன வர்ணம் வாசித்தேன், அவள் பாடினாள். கேப்போ இறுகக் கவ்வியதில் ஆறாம் கம்பி சற்றுக் கூர்ந்தது. கேப்போவை ஃபிரெட்டை ஒட்டி நகர்த்தி, அதன் பிடியை ஒரு திருகு தளர்த்தியதும் சேர்ந்துவிட்டது.